ஒரு மயிரிழை வெளிச்சம்

எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடுகிற த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்ப்பவர் கண்ணை முதலில் உறுத்துவது, நடுவே குறுக்காகப் போகும் அந்த ஷாஃப்ட்தான். என் பழைய காரின் 1.2 லிட்டர் எஞ்சினில் இருந்ததற்கு 46 மில்லிமீட்டர் வாய். அதன் நட்டநடுவில் 8 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கம்பி. கம்பியின் பிளவில் செருகிய வட்டத் தட்டு. தட்டைப் பிடிக்க இரண்டு ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூக்களின் தலை வேறு காற்று போகும் வழியில் துருத்திக்கொண்டு நிற்கிறது. வாசல் நடுவே தூண் நட்டது மாதிரி.

அன்று இரவே கணக்குப் போட்டுவிட்டேன். 46 மில்லிமீட்டர் வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 1660 சதுர மில்லிமீட்டர். ஷாஃப்ட் மறைப்பது 46 பெருக்கல் 8, அதாவது 368. ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், 22 சதவீதம்! ஷாஃப்டை அரத்தால் தேய்த்து 5 மில்லிமீட்டராக்கினால் மறைப்பு 14 சதவீதமாகக் குறையும். எஞ்சின் தாராளமாக மூச்சு விடும், பவர் கூடும், மைலேஜும் கூடும். இதைக் கம்பெனிக்காரர்கள் ஏன் செய்யவில்லை? செலவு மிச்சம் பிடிக்கத்தான், வேறென்ன. அப்போது அப்படித்தான் நினைத்தேன். தன் கையில் அரம் இருக்கும்போது மனிதனுக்கு மற்றவர்கள் எல்லாம் சோம்பேறிகளாகத்தான் தெரிவார்கள்.

இந்தக் கட்டுரை அந்த 22 சதவீதத்தைப் பற்றியது. அது பொய்க் கணக்கு இல்லை, ஒவ்வொரு எண்ணும் சரிதான். ஆனால் நான் கேட்ட கேள்வியே தப்பு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதமும், ஒரு தட்டும், நிறைய பெட்ரோலும் ஆனது.

நல்ல வேளையாக, ஓடிக்கொண்டிருந்ததில் கை வைக்கவில்லை. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடத்தில் அதே மாடலுக்கான இன்னொன்று கிடைத்தது. மேலே அப்பியிருந்த கார்பனைக் கழுவி எடுத்து, ஸ்க்ரூவைக் கழற்றப் போனால் அசையவில்லை. திருப்பிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. ஸ்க்ரூவின் வால் நுனியை நசுக்கி விரித்துவிட்டிருந்தார்கள். தானாகக் கழன்று வராமல் இருக்கத்தான். அந்த ஸ்க்ரூ கழன்றால் அது விழும் இடம் ஒன்றே ஒன்றுதான்: மேனிஃபோல்டு, அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய், அதன் வழியாக வால்வைத் தாண்டி, நேராக சிலிண்டருக்குள். அப்புறம் பிஸ்டனும் வால்வும் அதை மென்று துப்புகிற கதை. இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. விரித்த நுனியை அரத்தால் சமன் செய்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். திரும்பப் போடும்போது புது ஸ்க்ரூ, மரையில் பூட்டுப் பசை, அதற்கு மேல் நுனியை மறுபடி நசுக்குவது, மூன்றும் வேண்டும்.

தேய்ப்பது சுகமான வேலை. ஷாஃப்டின் இரண்டு பக்கமும் சமமாகக் குறைத்தேன். துருத்திய தலைக்குப் பதில் சமதலை ஸ்க்ரூ போட்டேன். தட்டின் ஓரத்தைக் கத்தி மாதிரி சரிவாகத் தேய்த்தேன், காற்று வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று. வாயின் உள்சுவரை எமரி பேப்பரால் தேய்த்து முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கினேன். கடைசி இரண்டும்தான் என்னைக் கவிழ்த்தன.

நண்பனின் அண்ணன் லேத் வைத்திருக்கிறார். பெருமையோடு எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். வாங்கி, ஒரு வார்த்தையும் பேசாமல், தட்டை மூடிய நிலையில் டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கறுப்பு வட்டத்தைச் சுற்றி மெல்லிய பிறை மாதிரி ஒரு வெளிச்சக் கோடு.

"வெளிச்சம் தெரியுதேப்பா."

"ரொம்பக் கொஞ்சம்தாண்ணே. ஒரு முடி அளவு இருக்கும்."

"முடி அளவுதான். மாட்டிப் பாரு, தெரியும்."

மாட்டினேன். ஸ்டார்ட் ஆனதும் ஆர்.பி.எம். முள் 1700-க்கு ஏறியது. அங்கிருந்து 1100-க்கு விழுந்தது. மறுபடி 1700. ஊஞ்சல் ஆடுகிற மாதிரி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. வழக்கமாக 800-ல் அமைதியாக நிற்கிற எஞ்சின்.

அந்த முடி அளவு இடைவெளி ஏன் இவ்வளவு ஆட்டம் காட்டியது என்பதைப் பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். த்ராட்டில் பாடியைப் பற்றி எனக்குப் புரிந்தவற்றிலேயே ருசியான பகுதி அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சும்மா நிற்கும்போது மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தம் 30, 35 கிலோபாஸ்கல். வெளியே 101. அதாவது உள்ளே வெளியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். ஒரு துளையின் உள்பக்க அழுத்தம் வெளிப்பக்க அழுத்தத்தில் ஏறக்குறைய 53 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால், அந்தத் துளையில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் உள்ளே எவ்வளவு உறிஞ்சினாலும் கூடுதலாக ஒரு துளிக் காற்றும் வராது. ஆக, உங்கள் கார் சிக்னலில் அமைதியாக நிற்கும்போது, பானெட்டுக்குள் ஒரு சின்ன இடுக்கில் காற்று ஒலி வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்கிறது. ஃபில்டர் குழாயைக் கழற்றிவிட்டுக் காது கொடுத்தால் கேட்கும் 'ஸ்ஸ்' சத்தம் அங்கிருந்து வருவதுதான்.

இந்த நிலையில் எவ்வளவு காற்று போகிறது என்பதைத் துளையின் பரப்பு மட்டுமே தீர்மானிக்கும். 1.2 லிட்டர் எஞ்சின் ஐட்லிங்கில், அதாவது சும்மா நின்று சுற்றும்போது, ஒரு வினாடிக்கு 2 கிராம் சொச்சம் காற்று கேட்கும். அதற்கு வேண்டிய துளை ஏறக்குறைய 10 சதுர மில்லிமீட்டர். வட்டமாகப் போட்டால் 4 மில்லிமீட்டர் விட்டம்கூட வராது. 46 மில்லிமீட்டர் வாய் வைத்திருக்கிற எஞ்சின், சும்மா நிற்கும்போது மூச்சு விடுவது உளுந்து அளவுத் துளை வழியாக.

இப்போது என் தட்டுக்கு வருவோம். 46 மில்லிமீட்டர் வட்டத்தின் சுற்றளவு 144 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். தட்டைச் சுற்றி ஒரு தலைமுடித் தடிமன், அதாவது 0.1 மில்லிமீட்டர், இடைவெளி விழுந்தால் அதன் மொத்தப் பரப்பு 14 சதுர மில்லிமீட்டர். ஐட்லிங்குக்கு வேண்டிய முழுக் காற்றையும் தாண்டிய அளவு, தட்டு மூடியிருக்கும்போதே உள்ளே போகிறது. ஐட்லிங்கைக் கட்டுப்படுத்துகிற சின்ன மோட்டார், தன் வழியை முழுதாக அடைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறது. எஞ்சினை நிர்வகிக்கும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ.வும் விடாமல் போராடியது. கால் ஆக்சிலரேட்டரில் இல்லை, ஆனால் எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது என்றால், வண்டி சரிவில் இறங்குகிறது என்றுதான் அதற்கு அர்த்தம். உடனே பெட்ரோலை நிறுத்திவிடும். வேகம் விழும். எஞ்சின் நின்றுவிடக் கூடாதே என்று மறுபடி பெட்ரோல் விடும். வேகம் ஏறும். நான் பார்த்த ஊஞ்சல் இதுதான்.

பெட்ரோல் மிச்சம் பிடிக்கத்தான் அரத்தை எடுத்தேன் என்பதை இந்த இடத்தில் ஞாபகப்படுத்திக்கொள்கிறேன்.

தட்டு விஷயத்தில் நான் இன்னொரு முட்டாள்தனமும் செய்திருந்தேன். அது வட்டத் தட்டு என்று நினைத்திருந்தேன். வெர்னியரில் அளந்தால் ஒரு பக்கம் சற்று நீளம். மூடிய நிலையில் தட்டு காற்றுக்குழாய்க்குச் செங்குத்தாக நிற்பதில்லை, சில டிகிரி சாய்ந்து நிற்கும். நேராக நின்றால் சூட்டில் விரிந்து சுவரில் ஆப்பு மாதிரி இறுகிக்கொள்ளும். சாய்ந்து நின்று முழு வட்டத்தையும் அடைக்க வேண்டுமென்றால் தட்டு நீள்வட்டமாகத்தான் இருக்க வேண்டும். அதன் ஓரத்தையும் அதே சாய்வில் சீவியிருப்பார்கள். அந்தச் சாய்வைத்தான் நான் 'கத்தி மாதிரி' தேய்த்துத் தள்ளியிருந்தேன். வாயைப் பெரிதாகக் கடைபவர்கள் புதுத் தட்டைச் சாய்வான தண்டில் பிடித்து லேத்தில் கடைந்து எடுப்பார்கள் என்று அண்ணன் சொன்னார். அவரே எனக்கு ஒன்று கடைந்து கொடுத்தார். இந்தத் தடவை டியூப்லைட்டில் பிடித்தபோது ஷாஃப்ட் நுழையும் இரண்டு மூலையில் மட்டும் ஊசிமுனை அளவு வெளிச்சம். அது இருக்கலாம் என்றார்.

சரி, ஐட்லிங் 800-க்கு வந்துவிட்டது. ஷாஃப்ட் மெலிந்திருக்கிறது. இனி லாபத்தை அளக்க வேண்டியதுதான் பாக்கி.

அளப்பதற்கு மேனிஃபோல்டு அழுத்த சென்சாரே போதும். ஈ.சி.யூ. பார்க்கும் எண்களைக் காட்டுகிற ஓ.பி.டி. ரீடரை மாட்டி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டால், அது காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தம். என் ரீடர் 100 காட்டியது. பிறகு ஆள் இல்லாத நீண்ட சாலையில், மூன்றாம் கியரில், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து 5500 வரை கொண்டுபோய்ப் பார்த்தால், அப்போது காட்டும் எண் எவ்வளவு குறைகிறதோ அதுதான் காற்று வரும் வழி முழுவதிலும் ஏற்படும் மொத்த நஷ்டம். ஃபில்டர், ஃபில்டர் பெட்டி, குழாய், த்ராட்டில் பாடி எல்லாம் சேர்த்து. பழைய த்ராட்டில் பாடியோடு 97. மூன்று கிலோபாஸ்கல் நஷ்டம்.

புதியதை மாட்டினேன். 97.

மறுபடி ஓட்டினேன். 97. இன்னொரு நாள், இன்னொரு சாலை. 97.

அந்த ரீடர் ஒரு கிலோபாஸ்கலுக்குக் கீழே காட்டாது. முழு எண்ணாகத்தான் சொல்லும். நான் வாரக்கணக்கில் தேய்த்துச் சம்பாதித்த லாபம், அளவுகோலின் மிகச் சின்னக் கோட்டைக்கூடத் தாண்டவில்லை. ஒரு பரிசோதனைக்காக ஃபில்டர் தாளை மட்டும் எடுத்துவிட்டு ஒரே ஒரு தடவை ஓட்டினேன். 98. எங்கும் அரம் போடாமல், ஐந்து நிமிடத்தில். தாளைத் தட்டிப் பார்த்தால் தூசி கொட்டியது, மாற்றியே நாளாகியிருந்தது. (தயவுசெய்து ஃபில்டர் இல்லாமல் ஓட்டாதீர்கள். மண் துகள் சிலிண்டர் சுவரை எமரி பேப்பர் மாதிரி தேய்க்கும்.)

அதற்குப் பிறகுதான், முதல் நாளே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். 1.2 லிட்டர் எஞ்சின் 6000 ஆர்.பி.எம்.மில், இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை என்று மூச்சு இழுக்கிறது. சிலிண்டர் 85 சதவீதம் நிறைகிறது என்று வைத்தால், வினாடிக்கு 51 லிட்டர் காற்று. 46 மில்லிமீட்டர் வாயில் அது போகும் வேகம் வினாடிக்கு சுமார் 31 மீட்டர். அந்த வேகத்தில் ஓடும் காற்றின் இயக்க அழுத்தமே கிட்டத்தட்ட 0.6 கிலோபாஸ்கல்தான். 101-ல் 0.6. அந்த ஷாஃப்டும் தட்டும் ஸ்க்ரூவும் சேர்ந்து அதை முழுதாக விழுங்கினாலும் நஷ்டம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஷாஃப்டை முழுதாகவே மந்திரத்தால் மறைய வைத்தாலும், 80 குதிரைத்திறன் எஞ்சினில் அரைக் குதிரை கிடைக்கும். அதுவும் 6000 ஆர்.பி.எம்.மில் முழு மிதியில். அந்த இடத்தில் நான் ஒரு வருடத்தில் எத்தனை வினாடி இருப்பேன்?

22 சதவீதம் பரப்பு மறைந்தால் 22 சதவீதம் காற்று குறையும் என்று என் மூளை சொன்னது. வாசல் ஏற்கனவே தேவைக்கு மேல் அகலமாக இருந்தால் நடுவில் தூண் இருப்பது யாருக்கும் தெரியாது. தேவைக்கு மேல் எவ்வளவு அகலம் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டியில் பொறியியல் மாணவர்கள் பந்தய வண்டி கட்டுவார்கள். பெட்ரோலில் ஓடுவதென்றால், எஞ்சினுக்குப் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துளை ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. அந்தத் துளையில் காற்று ஒலி வேகத்தைத் தொடும்போது போகக்கூடிய உச்ச அளவு வினாடிக்கு ஏறக்குறைய 74 கிராம். என் எஞ்சின் 6000-ல் கேட்பது சுமார் 60 கிராம். அவர்கள் 20 மில்லிமீட்டரை மல்லுக்கட்டிச் சமாளிக்கிறார்கள், நான் 46 போதவில்லை என்று அரத்தோடு உட்கார்ந்திருந்தேன். 20 மில்லிமீட்டர் துளையில் அழுத்த நஷ்டம் அதிகம், அதைத் திரும்பப் பிடிக்க நீண்ட கூம்புக்குழாய் வைப்பார்கள், அதெல்லாம் உண்மை. அவர்கள் துளைக்கு முன்னாலும் பின்னாலும் வளைவைச் செதுக்குவதில் அர்த்தம் இருக்கிறது. அவர்களுக்கு அது உண்மையிலேயே காற்றை நெரிக்கும் கழுத்து. எனக்கு அது கழுத்து இல்லை.

மைலேஜ் கதை இன்னும் மோசம். பவராவது அரைக் குதிரை கிடைக்கும். மைலேஜில் கிடைக்க வேண்டியது என்று தத்துவப்படியே எதுவும் இல்லை.

ஏனென்றால் பெட்ரோல் எஞ்சினில் த்ராட்டில் வைத்திருப்பதே காற்றைத் தடுக்கத்தான். சமவெளியில் மிதமான வேகத்தில் போகும்போது எனக்கு வேண்டியது எஞ்சினின் சக்தியில் ஒரு சின்னப் பங்கு. அதற்கு ஏற்ற காற்றை மட்டும் உள்ளே விட, தட்டு பாதி மூடி நிற்கிறது. மேனிஃபோல்டில் 50 கிலோபாஸ்கல் போல இருக்கும். அந்த வெற்றிடத்தை எதிர்த்து பிஸ்டன் ஒவ்வொரு தடவையும் இழுக்க வேண்டும். 2500 ஆர்.பி.எம்.மில் இதற்கு மட்டும் தோராயமாக ஒன்றேகால் கிலோவாட் வீணாகிறது. வண்டி நகரத் தேவையான சக்தியே பத்து கிலோவாட் சுற்றித்தான் இருக்கும் என்னும்போது இது சின்ன விஷயம் இல்லை. காற்றோட்டத்தைச் சரிசெய்தால் மைலேஜ் கூடும் என்று சொல்பவர்கள் இந்த நஷ்டத்தைத்தான் சுட்டிக்காட்டுகிறார்கள். நஷ்டம் நிஜம். ஆனால் வாயை 46-லிருந்து 52 ஆக்கினால் என்ன ஆகும்? அதே வேகத்துக்கு அதே காற்றுதான் வேண்டும், அதனால் மேனிஃபோல்டில் அதே 50 இருந்தாக வேண்டும். தட்டை இன்னும் கொஞ்சம் மூடி வைக்கப்போவது என் கால்தான். அகலமான கதவைக் குறைவாகத் திறப்பதும் குறுகலான கதவை அதிகமாகத் திறப்பதும் பிஸ்டனுக்கு ஒன்றுதான்.

அப்படியானால் வாயைப் பெரிதாக்கியவர்கள் 'வண்டி பறக்குது' என்று சொல்வது பொய்யா? இல்லை. 46-க்கும் 52-க்கும் பரப்பில் 28 சதவீத வித்தியாசம். பெடலை அதே அளவு மிதித்தால், தொடக்கத்தில் 28 சதவீதம் அதிகக் காற்று போகும். கால்வாசி மிதியில் முன்பு மூன்றில் ஒரு பங்கு மிதித்தபோது கிடைத்த இழுவை கிடைக்கும். பிக்கப் கூடிவிட்டதாக உடம்பு சத்தியம் செய்யும். முழுதாக மிதித்தால் பழைய வண்டிதான். புதுக் கார்களில் ஸ்போர்ட் பட்டன் செய்கிற வேலைகளில் பாதி இதுதான், பெடலுக்கும் தட்டுக்கும் நடுவே ஈ.சி.யூ. உட்கார்ந்து கணக்கை மாற்றிச் சொல்கிறது. கேபிள் வைத்த பழைய வண்டிகளில் இதற்கு நேர் எதிரான காரியம் செய்திருப்பார்கள். பலவற்றில் த்ராட்டிலின் ஓரத்தில் கேபிள் சுற்றும் சக்கரம் முழு வட்டமாக இருக்காது, கோணலாக இருக்கும். முதலில் மெதுவாகவும் போகப்போக வேகமாகவும் தட்டு திறப்பதற்காக.

தட்டுக்குப் பின்பக்கச் சுவரில் ஒரு வரிக்குழி கீறினால் மைலேஜ் எக்கச்சக்கமாகக் கூடும் என்ற பேச்சும் உண்டு. காற்று சுழன்று பெட்ரோலோடு நன்றாகக் கலக்குமாம். கார்புரேட்டர் காலத்தில் பெட்ரோல் தட்டுக்கு முன்பே காற்றில் கலந்துவிடும், அங்கே இந்தப் பேச்சுக்குக் கொஞ்சமாவது இடம் இருந்தது. இப்போதுள்ள எஞ்சின்களில் பெட்ரோல் தெளிக்கப்படுவது வால்வின் வாசலில் அல்லது நேராக சிலிண்டருக்குள். த்ராட்டிலில் உண்டான சுழல் மேனிஃபோல்டின் வயிற்றைத் தாண்டி அங்கே போய்ச் சேராது. மேலும், எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்ற கணக்கை ஈ.சி.யூ. விடாமல் காத்து வர உதவுகிறது. குழி உண்மையில் செய்வது, தட்டு லேசாகத் திறக்கும்போதே கூடுதல் இடுக்கைத் திறந்துவிடுவது. மறுபடியும் பெடல் மாயம்.

நானும் ஐந்து டேங்க் அளந்தேன். முழுதாக நிரப்பி, ஓட்டி, மறுபடி முழுதாக நிரப்பி. ஒரு தடவை லிட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் கூடியிருந்தது. அன்று குதித்தேன். அடுத்த டேங்கில் அது பழைய இடத்துக்கே போய்விட்டது. பங்க்கில் முனை எப்போது 'டக்' என்று நிற்கிறது என்பதைப் பொறுத்தே அரை லிட்டர் முன்பின் ஆகும். அதைவிடப் பெரிய பிழை என் கால். மைலேஜ் கூட வேண்டும் என்று ஆசைப்படுகிற கால் மெதுவாகத்தான் மிதிக்கும். ஐந்து டேங்கின் சராசரியும் பழைய சராசரியும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை.

அந்த ஒன்றேகால் கிலோவாட்டை உண்மையாகவே மிச்சம் பிடித்தவர்கள் த்ராட்டிலைப் பெரிதாக்கவில்லை. அதை வேலையிலிருந்தே ஒதுக்கப் பார்த்தார்கள். பி.எம்.டபிள்யூ. 2001-ல் கொண்டுவந்த வால்வ்ட்ரானிக்கில், உள்வால்வு எவ்வளவு உயரம் திறக்கிறது என்பதை மாற்றியே காற்றைக் கட்டுப்படுத்துகிறார்கள். தட்டு பெரும்பாலும் திறந்தபடி சும்மா நிற்கும். 1997-ல் வந்த டொயோட்டா பிரியஸின் எஞ்சின், உள்வால்வை வேண்டுமென்றே தாமதமாக மூடி, இழுத்த காற்றில் கொஞ்சத்தைத் திரும்பத் தள்ளிவிடும். அதனால் அதே சக்திக்குத் தட்டை அதிகமாகத் திறந்து வைக்கலாம். எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பங்கை மறுபடி உள்ளே விடுவதிலும் இந்த லாபம் இருக்கிறது. டீசல் எஞ்சினுக்கு இந்தத் தொல்லையே கிடையாது, அதன் சக்தியைக் கட்டுப்படுத்துவது டீசலின் அளவு. நம் கையில் இருப்பது ஒன்றுதான்: எஞ்சின் திணறாத வரைக்கும் சீக்கிரமாக மேல் கியருக்குப் போவது. அப்போது அதே வேகத்துக்குத் தட்டு அதிகம் திறந்திருக்கும், பிஸ்டன் வெற்றிடத்தோடு குறைவாகவே மல்லுக்கு நிற்கும்.

வாயைப் பெரிதாக்குவது எங்குமே பயன்படாது என்றும் சொல்ல மாட்டேன். கேம்ஷாஃப்டை மாற்றி, ஹெட்டை வேலை பார்த்து, எஞ்சினை 8000 வரை சுற்ற வைத்தவனுக்குப் பழைய வாய் போதாமல் போகலாம். அவன் அளக்க வேண்டியது த்ராட்டிலுக்கு முன்னாலும் பின்னாலும் முழு மிதியில் அழுத்த வித்தியாசம் எவ்வளவு என்பதை. இரண்டு மூன்று கிலோபாஸ்கல் அந்த ஒரு இடத்திலேயே விழுந்தால் லேத்துக்குப் போகலாம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில் வைப்பதன் சுகமும் வேறு, கால் அசைந்ததும் எஞ்சின் பதில் சொல்லும். அது பவர் கணக்கைவிட ருசி சம்பந்தப்பட்ட விஷயம், அதில் நான் தலையிடவில்லை.

இத்தனையிலும் எனக்குக் கைமேல் பலன் கொடுத்தது, முதல் நாள் கார்பனைக் கழுவியதுதான். எஞ்சினிலிருந்து திரும்ப வரும் எண்ணெய்ப் புகை, தட்டு மூடும் வரியில் வளையமாகப் படிந்து கெட்டியாகிவிடும். ஒலி வேகத்தில் காற்று போகும் உளுந்துத் துளையை அது அடைத்தால் ஐட்லிங் நடுங்கும், சிக்னலில் வண்டி அணையும். பழைய த்ராட்டில் பாடியையும் கழற்றித் துணியும் கிளீனரும் வைத்துத் துடைத்தேன். எமரி பேப்பர் மட்டும் வேண்டாம். சில த்ராட்டில் பாடிகளில் வாயின் உள்சுவரில் கறுப்பாக ஒரு பூச்சு இருக்கும், தட்டின் ஓரத்தை அடைப்பதற்காகக் கம்பெனியிலேயே பூசுவது. அழுக்கு என்று நினைத்துச் சுரண்டினால் மயிரிழை வெளிச்சம் வந்துவிடும். மோட்டார் வைத்த எலக்ட்ரானிக் த்ராட்டிலாக இருந்தால் சாவி போட்டிருக்கும்போது விரலை உள்ளே விடக் கூடாது, தட்டு விரலைக் கடிக்கும். துடைத்த பிறகு ஐட்லிங் சில நாள் உயர்ந்தே நிற்கலாம். அழுக்குக்கு ஏற்றபடி ஈ.சி.யூ. பழகி வைத்திருந்த கணக்கை அது மறக்க வேண்டும், சில வண்டிகளில் ரீடர் வைத்து மறக்கடிக்கவும் வேண்டும்.

இப்போது காரில் இருப்பது பழைய த்ராட்டில் பாடிதான், 8 மில்லிமீட்டர் ஷாஃப்ட், துருத்திய ஸ்க்ரூ எல்லாவற்றோடும். மெலிந்த ஷாஃப்ட் வைத்ததை ஏன் எடுத்தேன் என்றால், லாபம் இல்லாத ஒன்றுக்காக அந்த இரண்டு ஸ்க்ரூவையும் நினைத்து ராத்திரி விழித்துக்கொண்டிருக்க முடியவில்லை. அது அலமாரியில் இருக்கிறது. போன மாதம் சித்தி மகன் வந்திருந்தான், அதே மாடல் கார் வாங்கியிருக்கிறான். அலமாரியில் பார்த்ததும் கையில் எடுத்துக்கொண்டான்.

"அண்ணே, செம பாலிஷ்! இதை எனக்குக் குடுத்துடேன். நான் மாட்டிக்கிறேன்."

பக்கத்திலேயே என் முதல் தட்டும் ஒரு டப்பாவில் கிடந்தது. எடுத்துப் பொருத்தி, மூடி, அவன் கையில் கொடுத்து, விளக்குப் பக்கம் காட்டினேன்.

"தூக்கிப் பிடிச்சுப் பாரு. என்ன தெரியுது?"

ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"ஒண்ணும் தெரியலையே. சுத்தி ஒரு முடி அளவு வெளிச்சம், அவ்வளவுதான்."